கைப்பிடிக்குக் காவல்

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் டிரான்ஸ்பார்மர் கைப்பிடிக்குப் பூட்டுப் போடும் வழக்கம் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மேலே ஒருவன் ஏறினால் கீழே ஒருவன் நிற்பான், அவ்வளவுதான். கைப்பிடியைக் கீழே இழுத்தால் கரண்ட் நிற்கும். மேலே தூக்கினால் வரும். ஏறினவன் இறங்கும்வரை அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது நிற்பவன் பொறுப்பு. பெரும்பாலும் நான்தான் நிற்பேன். கேசவன் என்றால் நம்புவார்கள்.

அன்று மத்தியானம் ஏறியவன் ஒப்பந்தத் தொழிலாளி ஜீவா. மீட்டர் மாட்ட வந்திருந்தான்.

"இத்தினி வருசமா இல்லாத மீட்டரு இப்ப இன்னாத்துக்குடா?" என்றேன்.

"கரண்ட்ட கம்பெனிக்காரன் கையில குடுக்கப் போறாங்களாம் நைனா. உன் மோட்டாரு எவ்ளோ குடிக்குதுன்னு அவன் பாக்கணுமாம்."

"அப்பறம் பில்லு போடுவானா?"

"அவன் வந்தா எனக்கே வேல கீதோ, வூட்டுக்குத் தொரத்துவானோ. என்னாண்ட வந்து கேக்குற பாரு." சிரித்துக்கொண்டே பெல்ட்டை இறுக்கினான். "நின்னுக்கினே தூங்கிடாத நைனா. எனக்குக் கொயந்த கீது."

என் கிணறு இறைப்பது இலவசக் கரண்டில். நெல் பால் பிடிக்கும் சமயம், கழனி வெடித்துக் கிடந்தது. தனியார் வந்தால் பணம் கட்டாதவன் ஒயரை அறுத்துவிட்டுப் போவான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலே ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருவனுக்கு ஷாக் அடித்துவிட்டால் மறுபடி எவனும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரமாட்டான் என்று தோன்றியது. பயந்த மனிதனுக்கு வேறென்ன தோன்றும்.

அவன் இறங்கிவிட்டான் என்று நினைத்துக் கைப்பிடியைத் தூக்கினேன், அதில் செத்துவிட்டான் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அவனைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினேன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அவன் கத்தவில்லை. பெல்ட்டில் தொங்கினான். என் மோட்டார் கரண்ட் வந்தால் தானாக ஓடும், ஓட ஆரம்பித்தது. உடனே கைப்பிடியை இழுத்திருக்கலாம்தான். இழுத்தால் மோட்டார் நின்றுவிடுமே. தண்ணீர் கடைசிக் கழனியைத் தொட்ட பிறகு இழுத்தேன். அதுவரை அவன் விரல்கள் அசைந்துகொண்டுதான் இருந்தன, ஐயா. அதனால் அவசரமில்லை என்று நினைத்தேன்.