பெயர் எழுத வேண்டாம்

— கதவச் சாத்து செல்லக்கனி. கொண்டியும் போடு.

— பட்டப்பகல்ல கதவச் சாத்துனா வன்னியம்பட்டி பூராவும் வந்து எட்டிப் பாக்கும். எதுக்குச் சாத்தணுங்கேன்? வந்திருக்கிற புள்ள என்ன, கொலை பண்ணிட்டா வந்திருக்கு?

— சாத்திருங்கக்கா. ராஜபாளையத்துல பஸ் ஏறுனதுல இருந்து யாரோ பின்னாலயே வர்ற மாதிரி இருந்துச்சு.

— கேட்டியா? இதுதான் ஜெயபாயி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் புள்ள, மதுரையில எம்.ஏ. படிக்குது. எங்க மில்லுல வந்து கேள்வித் தாளு குடுத்துச்சுன்னு சொன்னம்லா, அது. தாயி, மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க. லேபர் ஆபீசர் என்ன கேட்டாரு?

— நீங்கள்லாம் எழுதிக் குடுத்த தாளக் கொண்டான்னு கேட்டாருண்ணே. அது ஆய்வுக்கு மட்டுந்தான், தரக் கூடாது சார்ன்னேன். 'ஒன்ன உள்ள விட்டது நாங்க, எங்க ஆளுக எழுதுனத நாங்க பாக்கக் கூடாதா'ங்கிறாரு.

— பாத்துட்டுப் போறாரு. இவரு நாலெழுத்துப் படிச்சதே போன வருசந்தான். கோழி கிண்டுன மாதிரி இருக்கும், ஆபீசருக்கு என்ன வெளங்கப் போகுது?

— வெளங்கும் ஏட்டி. கீழ எம்பேரு வேற இருக்கு. தவசிமுத்துன்னு கொட்டை எழுத்துல எழுதி, அடியில ரெண்டு கோடும் இழுத்திருக்கேன்.

— அதுதாண்ணே எனக்குத் தாங்கல. மொத வரியிலயே 'பெயர் எழுத வேண்டாம்'னு அச்சடிச்சிருந்தேனே. நின்னு வாசிச்சும் காட்டுனேனே. அப்புறமும் ஏண்ணே எழுதுனீங்க?

— வாசிச்சேன் தாயி. அது பேரு எழுதத் தெரியாத ஆளுகளுக்குப் போட்டதுன்னு நெனச்சோம். பாவம், செரமப்பட வேண்டாம், கைரேகையும் வேண்டாம்னு எரக்கப்பட்டுப் போட்டிருக்காவன்னு. எங்களுக்கென்ன, எழுதத் தெரியாதா? பஞ்சு சிக்கெடுக்கிற கார்டிங் ஆளுக அம்புட்டுப் பேரும் அறிவொளி ராப்பள்ளியில படிச்சம்லா. தெரிஞ்சவன் எழுதாம விட்டா தெரியாதவன்னுல்ல ஆயிரும்?

— ஆமா, ரேசன் கடையில பேரு போட்டாச்சு, கோயில் வரி நோட்டுல போட்டாச்சு, அடுப்படிச் செவுத்துலயும் கரியால போட்டாச்சு. மில்லு ஒண்ணுதான் பாக்கியாக் கெடந்துச்சு. ஏம்புள்ள, ஆள மாட்டி விடுறதுக்குன்னே மதுரையில ஒரு படிப்பு வச்சிருக்காவளா?

— அப்படி இல்லக்கா. தொழில் உளவியல்னு பேரு. வேலை பாக்குற எடத்துல மனுசனுக்கு மனசு எப்படி இருக்கு, என்ன சோர்வு, என்ன பயம், மேல உள்ளவங்க எப்படி நடத்துறாங்கன்னு படிக்கிறது.

— பயத்தப் படிக்கியா? இந்தா, வந்து அள்ளிக்கோ. வீடு பூரா கெடக்கு.

— கேலி பண்ணாத செல்லக்கனி. தாயி, பதினேழாவது கேள்வி... அதுல நான் எழுதுனது நெனவிருக்கா?

— மறக்குமாண்ணே? 'பணியிடத்தில் பாதுகாப்பாக உணர்கிறேன்'னு போட்டு அஞ்சு கட்டம் குடுத்திருந்தேன், ஒண்ணுல டிக் அடிக்கச் சொல்லி. நீங்க கட்டத்தத் தொடவே இல்ல. ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் எழுதியிருந்தீங்க. இந்தா, உங்க தாளு இந்த நோட்டுக்குள்ளதான் இருக்கு. வாசிக்கட்டுமா?

— மெதுவா வாசிங்க. அடுத்த வீட்டுக்குக் கேக்கப் போகுது.

— 'கார்டிங் மிசினுக்கு மூடி கிடையாது. கழற்றி வைத்து ரெண்டு வருசம் ஆகிறது. ஓடும்போதே கையை விட்டுப் பஞ்சை எடுக்கச் சொல்கிறார்கள். சமுத்திரத்துக்குக் கை போனது அப்படித்தான். குடித்துவிட்டு வந்து கையை விட்டான் என்று ஆபீசில் தாள் எழுதி அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பார்த்ததாக யாரோ ஒருத்தன் ரேகை வைத்தான். சமுத்திரம் குடிக்க மாட்டான். தவசிமுத்து.'

— அடப்பாவி மனுசா! இத எழுதிக் குடுத்துட்டா அன்னிக்கு வீட்டுல வந்து கூட ரெண்டு தோசை கேட்டீக?

— அன்னிக்கு நல்லாப் பசிச்சுது. ரொம்ப நாளைக்கு அப்புறம் பசிச்சுது.

— இவருக்கு எழுத்தே வராம இருந்திருக்கலாம். கேளு புள்ள, சமுத்திரத்துக்குக் கை போன மறுவாரமே சிலேட்டத் தூக்கிட்டுப் போனாரு. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டா சிலேட்டுல தம்பேர எழுதிக் காட்டுவாரு. ரேசன் கடைக்காரன் ரேகை வைக்க மைப் பெட்டிய நீட்டுனா மொகம் செத்துப் போகும். இப்ப வேலை போனா வேற எந்த மில்லுல சேப்பான்? சமுத்திரம் இருக்கிற ஒத்தக் கையில ஆடு பத்திட்டுத் திரியுதான். நீங்களும் கூடப் போங்க.

— தாயி, அந்தத் தாள இங்க குடுங்க.

— தாரேண்ணே. அதுக்குத்தான் வந்தேன். ஆனா அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...

— பொறவு சொல்லுங்க. செல்லக்கனி, அடுப்புல தீ இருக்கா?

— இருக்கு, இருக்கு. கிழிச்சுக் கொண்டாங்க. இன்னும் பொடிசா. பேரு இருக்கிற துண்ட மொதல்ல போடுங்க. ஆங்... பத்திருச்சு. அம்மாடி, சாம்பலாப் போச்சு. புள்ள, உக்காரு. மோரு குடிக்கியா?

— அப்பாடா. இப்பத்தான் காலு தரையில நிக்குது. தாயி, மத்த நாப்பத்தியொரு தாளையும் எடுங்க. நாலு மணி ஷிப்டுக்குப் போகையில அவனவன் கையில குடுத்துருதேன். ஐயாதுரை, கிறிஸ்துராஜ், எல்லாவனையும் எழுதச் சொன்னதே நான்தான். டீ குடிக்கையில 'நான் எழுதிட்டேன், நீங்களும் பயப்படாம எழுதுங்கலே'ன்னேன். அம்புட்டுப் பேரும் சமுத்திரத்தப் பத்தி எழுதியிருக்கான், பேரோட. எடுங்க தாயி. என்ன... ஏன் அழுதீக?

— பையில ஒண்ணுமில்லண்ணே.

— ஒண்ணுமில்லன்னா?

— காலையில மொதல்ல தரமாட்டேன்னுதான் சொன்னேன். சத்தியமாச் சொன்னேண்ணே. அந்த லேபர் ஆபீசர் காசிராஜன் சார் எங்க டிபார்ட்மெண்டுக்குப் போன் போட்டு ரிசீவர எங்கையில குடுத்தாரு. எங்க புரொபசர் 'குடுத்துட்டு வாம்மா, அடுத்த வருசப் புள்ளைகளுக்கும் அந்த மில்லு வேணும்'ங்கிறாரு. நான்... குடுத்துட்டேன். உங்க தாளு நோட்டுக்குள்ள இருந்ததாலதான் தப்பிச்சுச்சு. நீங்க எழுதுனத ஆய்வுல சேக்கலாம்னு வச்சிருந்தேன்.

— என்னத் தவிர யாரும் பாக்க மாட்டாங்கன்னு எங்க முன்னால நின்னு சொன்னீகளே தாயி.

— சொன்னேன். எங்க படிப்புல மொதப் பாடமே அதுதாண்ணே. பரீட்சையில அதுக்கு நான் நல்லா எழுதியிருந்தேன்.

— சரி, விடு புள்ள. அழுது என்ன செய்ய? இவரு பேரு அதுல இல்லல்லா? எனக்கு அது போதும்.

— இல்லக்கா, ஆபீசர் எண்ணிப் பாத்தாரு. ஒண்ணு கொறையுதேன்னாரு. ஒருத்தர் திருப்பித் தரலன்னு பொய் சொன்னேன். ஆளுக பேரு இருக்கிற நோட்ட எடுத்து ஒவ்வொருத்தரா ஒத்துப் பாத்தாரு. கடைசியில சிரிக்காரு. 'தவசிமுத்தா? அவன் எழுத மாட்டான். அவன் நம்ம ஆளு'ங்கிறாரு.

— நம்ம ஆளா? எந்த ஒறவுல சொல்லுதான்? ஏங்க, ஒங்களத்தான். ஆபீசர் எதுக்கு ஒங்கள நம்ம ஆளுங்கான்? ஏன் தரையப் பாக்கீக?

— நாளைக்கு நாப்பத்தியொரு பேரையும் ஒவ்வொருத்தனா ஆபீசுக்குக் கூப்பிடுவான். என்னைய மட்டும் கூப்பிட மாட்டான்.

— நல்லதாப் போச்சு. அதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்கீக?

— எழுதுங்கன்னு சொன்னவனும் நான். அதுல பேரு இல்லாதவனும் நான். ஐயாதுரை மொகத்துல எப்படி முழிக்க?

— முழிக்க வேண்டாம். அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க. வேலை இருக்குல்லா?

— தாயி, எழுதாத தாளு ஒண்ணு இருக்குமா?

— ஒண்ணே ஒண்ணு இருக்கு. வேண்டாண்ணே. நான் செஞ்ச தப்புக்கு நீங்களும் போயி மாட்டிக்கிடாதீங்க. நான் கும்பிட்டுக் கேக்குறேன்.

— குடுங்க. பேனாவையும் குடுங்க. ஷிப்டுக்கு முந்தி நானே கொண்டு போயி அவரு மேசையில வச்சிருதேன்.

— தாள விரிச்சு உக்காந்துட்டீகளே, பயமா இல்லையா? என்னத்த எழுதப் போறீக?

— எனக்குப் பயமாத்தான் இருக்கு. கோணலா வந்தாலும் அவருக்கு வெளங்கும்.

— எரிச்சதத் திரும்ப எழுதுறதுக்கு எரிக்காமலே இருந்திருக்கலாம். அதே பதினேழாவது கேள்விதான?

— கேள்வி அதேதான் செல்லக்கனி. போன தடவ 'யாரோ ஒருத்தன் ரேகை வச்சான்'னு எழுதிட்டேன். அந்த ஆபீஸ் தாளுல மேஸ்திரி காட்டுன எடத்துல, அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கத் தெரியாம வச்சது இந்தப் பெருவெரலுதான்.