பதினைந்து வரிசை

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார், குடிக்கிறேன்.

காகமேகா காட்டோரத்துப் பாம்புப் பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது செதில் எண்ணும் வேலை. ஊர்க்காரர்கள் சாக்கில் கட்டிக் கொண்டுவரும் பாம்பின் தலையைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு அடக்கிக்கொண்டு, நடு உடம்பில் எத்தனை வரிசைச் செதில் என்று பார்ப்பேன். நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்பவன் முட்டாள். கருகருவென்று பளபளக்கும், பெரிய கண்ணுள்ள பாம்பு எங்கள் காட்டில் இரண்டு உண்டு. பத்தொன்பது வரிசை என்றால் கருப்பு மரப்பாம்பு, ஆளைக் கொல்லாது. பதினைந்து என்றால் மரநாகம். அதன் கடிக்கு எங்களிடம் மருந்து இல்லை.

ஷிவாச்சி போன வருடம் மேலாளராக வந்தான். பட்டம் வாங்கியவனாம். "பெரியவரே, இன்னுமா விரல் விட்டு எண்றீங்க? எனக்கு ஒரு பார்வை போதும்" என்பான், பார்வையாளர்கள் முன்னால். அவர்களும் பல்லைக் காட்டுவார்கள். செத்த பாம்புகளைப் பதப்படுத்தி வைத்திருக்கும் ஆறு ஜாடிகளில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டினான்; ஆறும் தப்பு. அந்த அறிவாளிதான் அடுத்த மாதத்தோடு என்னை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலை முஹோஞ்சா சாக்கோடு வந்தாள். ஓடையில் அவள் போட்டிருந்த மீன்கூடைக்குள் கிடந்ததாம்.

"அண்ணே, மீன் திங்க வந்திருக்கு. மரப்பாம்புக்கு மீன் எதுக்கு? இது வேற என்னமோ," என்றாள்.

எழுதப் படிக்கத் தெரியாதவள். அவளுக்கு இருந்த புத்தி பட்டம் வாங்கியவனுக்கு இல்லை.

நான் குழாயில் அடக்கி எண்ணி முடித்தபோது ஷிவாச்சி வந்தான். "இதுக்கா பயந்தே? இது வெறும் புழும்மா. தொட்டுப் பாக்குறியா?" என்று சிரித்தபடி குழாயிலிருந்து வெறுங்கையால் உருவினான்.

கட்டைவிரலின் அடியில் கடித்தது. முஹோஞ்சா அலறிக்கொண்டு வண்டி பிடிக்க ஓடினாள். நான் பாம்பைப் பெட்டியில் விட்டு மூடிவிட்டு, கை கழுவினேன். அவன் பெஞ்சில் சாய்ந்து கிடந்தான். இமை தூக்க முடியவில்லை. என்னிடம் என்னவோ சொல்ல வந்தான், நாக்கு புரளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகரத்துக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

முஹோஞ்சா உங்களிடம் சொன்னது உண்மைதான். உருவுவதற்கு முன்னால் அவன் கை கொஞ்சம் தயங்கியது. என் பக்கம் திரும்பி, "எத்தனை வருது?" என்று கேட்டான். வருடம் முழுக்கக் கேட்காதவன் அன்றைக்குக் கேட்டான். நான் பத்தொன்பது என்றேன்.

நீங்கள் இரக்கப்பட்டு, "வயசாச்சு, கண்ணு மங்கிருச்சு, எண்ணிக்கை தப்பிருச்சுன்னு எழுதிடுறேன். வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்கிறீர்கள். அவனைப் போலவே நீங்களும் பேசுகிறீர்கள்.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள் சார். தப்பாக எண்ணினேன் என்று எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பதினைந்துதான். இரண்டு தடவை எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் அவனிடம் பத்தொன்பது என்றேன்.