முப்பத்தேழாம் எண் சீட்டு

இந்த ஊர் மழைக்குப் புத்தகங்களைக் காப்பதும் கைக்குழந்தையை வளர்ப்பதும் ஒன்றுதான். மாதம் ஒரு முறை வெயில் காட்ட வேண்டும். மட்டைகளைத் துடைத்துவிட வேண்டும். செல்லுப்பூச்சி அண்டாமலிருக்கப் பசையில் வெள்ளைப் பொடி கலந்து முதுகில் பூச வேண்டும். அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தத் தகர டப்பாவில் இருப்பது அந்தப் பொடிதான். மூடியைத் தொட்ட கையோடு சாப்பிடப் போய்விடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

சாமியாரை அழைத்து வரவா, பாவசங்கீர்த்தனம் செய்கிறாயா என்று காலையில் கேட்டீர்கள். வேண்டாம். பாவம் செய்தவன் அல்லவா அங்கே மண்டியிட வேண்டும். உங்களிடமே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வாயிலிருந்து வருவதை ஒரு சொல் சிந்தாமல் எழுதுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கும் தெரியட்டும்.

என் பெயர் கிரிகரி. பகலில் ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிரிக்பீல்ட்ஸ் பொது வாசகசாலையைக் கவனித்துக்கொள்கிறேன். யாரும் என்னைக் கெஞ்சவில்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. முப்பத்திரண்டாம் வருஷம் அங்கே கவிதைக்கென்று ஓர் அலமாரி வைத்தேன். சென்னையிலிருந்து கப்பலில் நூல்கள் தருவித்தேன். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. நூல் வேண்டும் என்று கடிதம் எழுதிய அன்றே அதற்குப் பட்டியல் சீட்டும் எழுதிவிடுவேன். கப்பல் வருகிறபோது வரட்டும், எண்ணும் இடமும் தயாராகக் காத்திருக்கும். நான் சீட்டு எழுதி ஒரு நூல்கூட வராமல் போனதில்லை. பள்ளிக்கூடத்து ரோசலின் டீச்சர் என் கிறுக்கலை வாங்கிப்போய் முத்து முத்தாகப் படியெடுத்துத் தருவார்.

வந்த நூல்களை யாரும் சீண்டவில்லை. எங்கள் தலைவர் தம்புசாமி ரோடு போடும் காண்டிராக்டர். வருகிறபோதெல்லாம் அலமாரிக் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்.

"என்னங்க கிரிகரி, பல்லிக்கு நல்ல பங்களா கட்டிக் குடுத்திருக்கீங்க. காலி பண்ணுங்க லா. இங்கிலீஷ் பேப்பர் வைக்க எடம் இல்ல."

அந்த வருஷக் கடைசியில்தான் மாரியாயியின் தம்பி காய்ச்சலில் செத்தான். சூளையில் செங்கல் அறுக்கிறவன். மாரியாயி ரயில்பாதையில் வேலை பார்க்கும் சின்னையாவின் மனைவி. எழுத்து வாசனையே இல்லாதவள். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவள் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாய் திறந்தாள்.

"ஊருக்கெல்லாம் கல்லறுத்தே என் தம்பி – உன்
தலமாட்டுக் கல்லுக்கு நான் எந்தச் சூளை போவேன்"

கப்பலில் நான் வரவழைத்த அத்தனையும் அந்த இரண்டு வரிக்கு உறை போடக் காணாது. பையில் ரயில் நேரப் பட்டியல் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். காரியமெல்லாம் முடிந்தபின் போய், விட்ட இடத்தைச் சொல்லச் சொன்னேன். வராது என்றாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரியை வாயில் எடுத்தால் சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அன்றிலிருந்து எந்த வீட்டில் சாவு விழுந்து அவளை அழைத்தாலும் நானும் போனேன். ஒரு மூலையில் நோட்டோடு உட்கார்ந்துகொள்வேன். இரண்டு வருஷத்தில் அந்த அலமாரிக்கு முப்பத்தாறு பாட்டு சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, ஓர் எண். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த முப்பத்தாறு பேரும் தாங்களாகவே செத்தவர்கள், வேண்டுமானால் ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

சேர்த்தால் மட்டும் போதுமா, நாலு பேர் காதில் விழ வேண்டாமா. கோயில் வாசலிலும் எங்கள் தேவாலய வாசலிலும் நானே நோட்டீஸ் ஒட்டினேன். ஞாயிறு மாலை ரோசலின் டீச்சர் படிக்க, ஜன்னலுக்கு வெளியே பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் உண்டு. இராஜம்மா என்று படிக்கவே தெரியாத ஒருத்தி ஒரு நோட்டை இரவல் வாங்கிப்போய், ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தாள். எந்த வாசகசாலையில் நடக்கும் இது, சொல்லுங்கள்.

சின்னையாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு புத்தகங்களை வெயிலுக்குத் தூக்கிப் போட அவனாகவே வந்துவிடுவான். மனைவியின் பாட்டு நோட்டை மட்டும் துண்டில் சுற்றித் தனியாக எடுத்துப் போவான். "அலமாரிக்குள்ள எம் பொண்டாட்டி இருக்கா ஐயா, பாத்துப் பூட்டுங்க" என்பான். நல்லவன். எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

போன மாதம் கமிட்டிக் கூட்டம். அலமாரி இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று பொதுக்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வதாகப் பேச்சு. தம்புசாமி என் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"அம்மாவுக்கு இருக்கு, அப்பனுக்கு இருக்கு, புள்ளைக்கு இருக்கு. பொண்டாட்டி புருஷனுக்குப் பாடறது எங்கய்யா? அது இல்லாம என்ன ஒப்பாரி? அரைகுறையா வச்சுக்கிட்டு ஒரு அலமாரியே வேணும்ங்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. புருஷனை இழந்தவர்கள் வேறு யாரும் பாடவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று பேர் பாடக் கேட்டேன். ஊரே பாடுவதைப் பாடினார்கள். என் அலமாரியில் நான் கந்தல் வைப்பதில்லை.

மாரியாயியிடமே போய்க் கேட்டேன். அவள் கை தாலிக்குப் போய்விட்டது.

"என்னங்கய்யா கேக்குறீங்க. அவரு உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கயில நான் எப்படிப் பாடுவேன்?"

பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சின்னையா விழுந்து விழுந்து சிரித்தான். "நான் செத்தா பாடுவா ஐயா. நீங்க வந்து ஒண்ணு விடாம எழுதிக்குங்க" என்றான். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்டார்கள், அவர்களை நீங்கள் கூப்பிட்டு விசாரிக்கலாம். நான் யாரையும் ஏமாற்றவில்லை. அவனே வாய்விட்டுச் சொன்னதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் முப்பத்தேழாம் சீட்டை எழுதினேன். "மாரியாயி பாடியது, கணவன் சின்னையா இறந்தபோது." மற்றச் சீட்டுகளோடு சேர்த்து ரோசலின் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். வழக்கம் விடவில்லை, என்ன செய்வது.

மறுநாள் முதல் ஞாயிறு. பூசை முடிந்து நான் வருவதற்குள் சின்னையா பாதிப் புத்தகங்களை முற்றத்தில் பரப்பியிருந்தான். நல்ல வெயில். நோட்டைப் பிரித்து, "இதுல எது ஐயா அவ தம்பிக்குப் பாடுனது?" என்று கேட்டான். காட்டினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். கோப்பி போட்டுக் கொடுத்தேன். சீனி தூக்கலாகப் போட்டிருந்தேன். "கோப்பி அருமையா இருக்கு ஐயா" என்று இன்னொரு குவளை கேட்டான். கொடுத்தேன். நோட்டை என் கையில் தந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான்.

திங்கள் மத்தியானம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டிரெசர் வாந்திபேதி என்று எழுதினார். அவரைக் குறை சொல்லாதீர்கள், யாரும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இரண்டு பென்சில் சீவி எடுத்துக்கொண்டு போய் எப்போதும்போல மூலையில் உட்கார்ந்தேன். மாரியாயி தலைமாட்டில் இருந்தாள். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. இதோ வரப்போகிறது என்று நோட்டைப் பிரித்துத் தேதி போட்டேன். அவள் கண் சுற்றி வந்து என் கையில் நின்றது.

"பென்சில உள்ள வைங்க ஐயா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் வைக்கவில்லை. வைத்துவிட்டு அங்கே எனக்கு என்ன வேலை. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பாடையைத் தூக்கும் வரைக்கும் எடுக்கவேயில்லை. மற்றப் பெண்கள் என்னவோ பாடினார்கள். அதில் ஒரு வரி நான் எழுதவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அப்படிக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. இரண்டு வருஷம் அவள் பின்னால் நடந்து, அவள் பெயரை அலமாரியில் ஏற்றி, ஊரையே ஜன்னலில் நிற்க வைத்தவன் நான். எனக்காக ஒரு பாட்டுப் பாடக் கூடாதா.

புதன்கிழமை படியெடுக்க உட்கார்ந்த ரோசலின் டீச்சர் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை வாங்கிய கட்டு. ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குப் போகிற வழியில் சின்னையா புத்தகம் சுமந்ததை அவரே கண்ணால் பார்த்தவர். நேரே உங்களிடம் வந்துவிட்டார். பரவாயில்லை. கவனமாகப் படிக்கிறவர் என்பதால்தான் அவரிடம் வேலையைக் கொடுத்தேன்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள்: சின்னையாவுக்கு விஷம் கொடுத்தது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. ஒரு குவளையில் அல்ல, இரண்டிலும் கலந்தேன். வெட்கப்படுகிறாயா என்று கேட்டீர்கள். இல்லை. ரயில்பாதையில் வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள், எந்தச் சாவுக்கு எந்த அலமாரியில் இடம் இருக்கிறது. இவனுக்கு மட்டும்தான் நான் முன்கூட்டியே எண் போட்டு வைத்தேன்.

நேற்று மாரியாயியை இங்கே கூட்டி வந்தீர்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொல் பேசவில்லை. வெறுப்பு என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். பாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும். தம்பி செத்த அன்றும் பாடுவதற்கு முன்னால் அவள் இப்படித்தான் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே சேர்த்து வைக்கிறாள். அவள் அருமை தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தானே.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்குத் தூக்கு என்றைக்கு என்று தெரிந்ததும் அவளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். ரோசலின் டீச்சர் பென்சிலோடு போய் மூலையில் உட்காரட்டும். முப்பத்தேழு காலியாகவே கிடக்கட்டும், அது என் தப்பில்லை. முப்பத்தெட்டாம் சீட்டை எழுதிவிட்டேன், இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது: "மாரியாயி பாடியது, கிரிகரி இறந்தபோது."