பத்தாவது நட்டு

மாலை ஏழேகால் மணி. வெயில் போய்விட்டது, சூடு போகவில்லை. செம்மண்ணுக்கு நடுவே நேராக ஒரு ரோடு... முன்னாலும் பின்னாலும் ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டின் ஐம்பதாவது கிலோமீட்டரில், மாடுகளுக்குத் தண்ணீர் விடும் சிமெண்ட் தொட்டி ஒன்று. அங்கே போகவே மாட்டேன் என்று மூன்று வருடம் பிடிவாதமாக இருந்த மனிதன் அன்றைக்குப் போனான்.

நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். என்னோடு லாரி ஓட்டுகிறானே இவோ, அவன் தங்கை புருஷனுக்கு நடந்தது இது. இவோவும் கூடவே இருந்தான். குடித்திருந்தால் இதைச் சொல்ல மாட்டான்... தெளிவாக இருக்கும்போதுதான் சொல்வான்.

தங்கை புருஷன் பெயர் டெஸ்மண்ட். டயர் கொட்டகை வைத்திருந்தான். தங்கை நேடா, மூன்று ட்ரெய்லர் கோத்த நீள லாரி ஓட்டுபவள். அந்தச் சக்கர நட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் வெறும் கைக்கு வராது. அதற்கென்று ஒரு கருவி, டார்க் மல்டிப்ளையர். சொம்பு பருமனில் இரும்பு, உள்ளே பல்சக்கரங்கள். ஒரு பக்கத்தை நட்டில் மாட்டி மறுபக்கத்தில் கைப்பிடி செருகி முறுக்கினால், கை கொடுக்கும் பலத்தை ஐந்து மடங்காக்கி நட்டுக்குக் கொடுக்கும். பக்கவாட்டில் ஒரு முட்டுக்கை இருக்கும். அது அடுத்த நட்டில் முட்டி நிற்க வேண்டும். நடுவில் விரலை வைத்தால் அவ்வளவுதான். நேடாவின் இடது சுண்டுவிரல் நுனி அப்படித்தான் போனது.

அவள் அந்தக் கருவிக்குத் தடியன் என்று பெயர் வைத்திருந்தாள். "தடியனுக்கு விரலையே குடுத்திருக்கேன் டெஸ், உனக்கு இதுவரைக்கும் என்னத்தக் குடுத்தேன்?" என்று புருஷனைச் சீண்டுவாள்.

புதிதாக மாட்டிய சக்கரம் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும், நிறுத்தி மறுபடி இறுக்கியாக வேண்டும். ஓட்டத்தில் நட்டு தளரும். நேடா லாரியில் சக்கரம் மாட்டினால் டெஸ்மண்ட் தன் வண்டியில் தடியனைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவான். தொட்டி வந்ததும் இருவரும் இறங்குவார்கள். பத்து நட்டில் ஒன்பதை அவள் இறுக்குவாள். ஒவ்வொன்றின் மேலும் சக்கரம் வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பாள். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பத்தாவதை மட்டும் தொட மாட்டாள். "இது உன்னுது" என்று ஒதுங்கி நிற்பாள். அவன் இறுக்கியதும் அதிலும் ஒரு கோடு. அந்தக் கடைசிக் கோட்டுக்கு அவர்களுக்குள் ஒரே அர்த்தம்தான்... முடிந்தது, கிளம்பு. அதற்கு முன்னால் தொட்டித் திட்டில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து ஆளுக்கு ஒரு கப் தேநீர். ஊரில் யார் சிரித்தாலும் இருவரும் இதை விட்டதில்லை.

ஒரு நாள் விட்டார்கள்.

அன்று காலையில் சண்டை. கடற்கரைப் பக்கம் வீடு பார்க்கலாம், அண்ணன் இவோ அங்கேதான் இருக்கிறான், இந்தப் புழுதி போதும் என்றாள் நேடா. டெஸ்மண்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசி ட்ரெய்லரில் இரண்டு சக்கரம் மாட்டினான். அவள் ஏறி உட்கார்ந்து, "வருவல்ல?" என்று கேட்டாள். "போ, பின்னாலயே வரேன்" என்றான்.

போகவில்லை. டி.வி.யில் கிரிக்கெட் ஓடியது. ஒரு பீரைத் திறந்தான். கொஞ்ச நேரம் காத்துக் கிடக்கட்டும் என்று நினைத்தான். கெட்ட எண்ணம் இல்லை, வெறும் வீம்பு. தடியன் அவன் காலடியில் கிடந்தது.

அவள் ஒரு மணி நாற்பது நிமிடம் தொட்டியில் நின்றதாக லாரியிலிருந்த ஓட்டப் பதிவுக் கருவி பிறகு சொன்னது. அப்புறம் கிளம்பியிருக்கிறாள். முப்பத்தோரு கிலோமீட்டர் தாண்டி அந்த இரண்டு சக்கரமும் கழன்று ஓடின. கடைசி ட்ரெய்லர் சாய்ந்து, மற்ற எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்தது. தேடப் போனவர்கள் தொட்டித் திட்டில் இரண்டு கப்பைப் பார்த்தார்கள். ஒன்று காலி. இன்னொன்றில் தேநீர் நிறைந்திருந்தது... ஈ விழாமல் மேலே ஒரு தட்டு மூடியிருந்தது.

டெஸ்மண்ட் அதற்குப் பிறகு அந்த ரோட்டுப் பக்கம் போகவில்லை. வேலையை விடவும் இல்லை.

மூன்றாவது வருடம்தான் டிரைவர்கள் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். முதலில் வாலஸ் என்பவன் கொட்டகைக்குள் வந்து கத்தினான்.

"ஏன்யா, தொட்டிக்கிட்ட ராத்திரி ஆள் வெச்சிருக்கியா? ஒதுங்கிட்டு வர்றதுக்குள்ள ஒம்பது நட்டு இறுக்கி, கோடு போட்டு, பெயிண்ட் கையில ஒட்டுது. பத்தாவது மட்டும் கையாலயே சுத்துது! என்னைக் கொல்லப் பாக்குறியா?"

 அந்தப் பத்தையும் டெஸ்மண்டே இறுக்கி அனுப்பியிருந்தான். கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் இன்னொருவன் அதையே சொன்னான். அதற்கடுத்த வாரம் ஒரு பெண்.

டெஸ்மண்ட் இவோவுக்கு போன் போட்டான். "மச்சான், உன் லாரியக் கொண்டா. ஒரு சக்கரம் மாட்டணும்."

"என் சக்கரத்துக்கு என்ன மாப்ளே, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருந்தாலும் பரவால்ல, மாட்டணும்."

அப்படித்தான் அன்றைக்கு ஏழேகாலுக்கு இருவரும் தொட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். சூடான ரப்பர் நாற்றம், டீசல், தொட்டியோரச் சேற்று வாசனை. டெஸ்மண்ட் டார்ச் அடித்துப் பார்த்தான். பத்தும் அவன் இறுக்கியபடியே இருந்தன, கோடு ஒன்றும் இல்லை. தடியனை மடியில் வைத்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்தான். இவோ லாரிக்குள் ஏறிக்கொண்டான்.

எட்டு மணி. எட்டரை. ஒன்றுமில்லை. "போலாமா மாப்ளே? கொசு என்னைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றான் இவோ.

"அவ ஒரு மணி நாப்பது நிமிஷம் இருந்தா. நானும் இருக்கேன்."

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது... லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்... டக்.

மெதுவாக, அவசரமே இல்லாமல். நட்டு முழு இறுக்கத்துக்கு வந்ததும் முறுக்கும் கைப்பிடி போடும் சத்தம் அந்த டக். மறுபடி கிர்ர்... டக். இவோ கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணினான், வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஒன்பது தடவை. தடியனோ டெஸ்மண்டின் மடியில் அசையாமல் கிடந்தது.

"நேடா..." தடியனைப் பிடித்துக்கொண்டு டெஸ்மண்ட் எழுந்தான். "வந்துட்டேன்டி. வீம்பு புடிச்சு உக்காந்துட்டேன். தெரிஞ்சு பண்ணலடி..."

 அவன் லாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். இவோவும் இறங்கி டார்ச் பிடித்தான். ஒன்பது நட்டில் ஈரமாக மஞ்சள் கோடு. டயரில் படிந்த செம்மண்ணில் ஒரு கை ஊன்றிய தடம், சுண்டுவிரல் குட்டை. பத்தாவது நட்டை டெஸ்மண்ட் தொட்டான். விரலுக்கே சுற்றியது.

தடியனை மாட்டினான். முட்டுக்கையை அடுத்த நட்டில் முட்டக் கொடுத்தான். முறுக்கினான். கண்ணீர் மூக்கு வழியே சொட்டியது, துடைக்கவில்லை.

டக்.

சக்கரத்தில் நெற்றியை வைத்துக் குழந்தை மாதிரி அழுதான். நிமிர்ந்தபோது பத்தாவது நட்டிலும் கோடு இருந்தது. டார்ச்சை அந்த நட்டிலிருந்து எடுக்கவே இல்லை என்று இவோ இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

அதோடு நின்றுபோனது. எந்த டிரைவரும் எதுவும் சொல்லவில்லை. டெஸ்மண்ட் தினமும் மாலை பிளாஸ்க்கோடு தொட்டிக்குப் போய் இரண்டு கப் ஊற்றிவிட்டுக் காத்திருந்தான். வெறும் காற்றுதான் வந்தது. ஒரு மாதம் கழித்து இவோவிடம் வந்து நின்றான். மெலிந்து போயிருந்தான்.

"நான் அதை இறுக்கியிருக்கக் கூடாது மச்சான். அது தளர்வா இருந்த வரைக்கும் எனக்காகக் காத்துட்டிருந்தா. நானே முடிச்சு அனுப்பிட்டேன். அதைக் கழட்டித் தாடா."

அதே லாரி, அதே சக்கரம். தடியனைத் திருப்பி மாட்டி, தளர்த்தும் பக்கம் முறுக்கினார்கள். ஒன்பதும் வழக்கம்போல முனகிவிட்டுக் கழன்றன. பத்தாவது அசையவில்லை. நீளக் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். குழாய் வளைந்தது. முட்டுக்கை தெறித்து உடைந்தது. கோடு மயிரிழைகூடப் பிசகவில்லை.

 டெஸ்மண்ட் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இவோ கையில் கொடுத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போய்விட்டான். அவள் கேட்ட இடத்துக்கு. தனியாக.

அந்தச் சக்கரம் இன்னும் இவோ லாரியில்தான் இருக்கிறது. அதோ, நெருப்பு வெளிச்சம் படுகிறதே, அந்த லாரிதான். பத்து வருடம் ஆகிவிட்டது... மேலே உள்ள அந்தப் பத்தாவது நட்டைத் தொட்டுப் பாருங்கள். விரலில் மஞ்சள் ஒட்டும்.