தூக்கக் கூடாத பிள்ளை

பிள்ளைகளே, இன்று மத்தியானம் பென்டில் ஹில் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இளையவர், காயப்பட்டவர்களுக்காக வழக்காடும் சொலிசிட்டர்.

"வழக்கு முடியுமட்டும் பிள்ளையைத் தூக்காதேங்கோ எண்டு ஒரு தகப்பனுக்குச் சொன்னனான், அக்கா."

"உதென்ன விசர்க் கதை?"

"வேலையிலை முதுகு அடிபட்ட மனுசன். நட்டஈடு குடுக்காமல் தப்ப, இன்சூரன்ஸ்காரர் ஒளிச்சிருந்து வீடியோ எடுப்பினம். மூண்டு வருசம் தூக்கேல்லை. பிள்ளை ரோட்டிலை விழ, ஓடிப்போய்த் தூக்கிட்டார். இண்டைக்குக் கோர்ட்டிலை அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினவை. தோத்திட்டம். தூக்கினாப் பிறகு பத்து நாள் படுக்கையிலை கிடந்தவர். அதை ஆர் படமெடுத்தது?"

"நீ என்னடி செய்வாய்?"

"நாளைக்கு இன்னொரு தகப்பன் வாறார். அவருக்கும் இதைத்தான் சொல்லோணும்."

வீட்டுக்கு வந்தேன். உங்களில் ஒருவரைத் தூக்கவேண்டும் போலிருந்தது; நீங்கள் பள்ளிக்கூடத்தால் வந்திருக்கவில்லை. வாசலில் கிடந்த சின்னவளின் சைக்கிளை நெஞ்சுவரை தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.