வாலிலயிருந்து அழிக்கவேணும்

ஒஸ்வால்ட்டை நான் கடைசியா உயிரோட கண்டது ஒஃபிஸ் கேற்றடியில, தம்பி. வானைக் கழுவிக்கொண்டு நிண்டவன். ஐயா, உங்கட சேட்டு இன்னும் என்னட்டத்தான் கிடக்குது, திங்கக்கிழமை தோய்ச்சு மினுக்கிக் கொண்டாறன் எண்டான். கிடக்கட்டுமடா எண்டு சொல்லிப்போட்டு நான் பஸ்ஸுக்கு ஓடினனான். திங்கக்கிழமை ஆளைக் காணேல்லை. கொட்டாஞ்சேனையில, வீட்டு வாசல்ல வைச்சு, ஆரோ வான்ல ஏத்திக்கொண்டு போனவையாம். ஓம், நீங்கள் கேட்ட அந்தக் கடைசிச் சிலைட்டுக்காரன்தான். எங்கட டிரைவர். கடைசியா உயிரோட எண்டு நான் சொன்னா அவன்ர மனிசி மேபல் என்னோட சண்டைக்கு வருவா. கடைசியாக் கண்டது எண்டு மட்டும் சொல்லுங்கோ ஐயா எண்டுவா. சரி. கடைசியாக் கண்டது.

இருங்கோ, இருங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி காணுமே? அங்கிள் எண்டு கூப்பிடாதேங்கோ. இந்த வெள்ளவத்தையில ரியூசன் படிக்கிற எல்லாப் பிள்ளையளுக்கும் நான் அங்கிள். நாகேந்திரம் எண்டு ஒரு பேர் கிடக்குது.

அப்ப, நான் விட்டிட்டு வந்த கதிரையில இப்ப நீங்கள். கொம்பியூட்டர் இஞ்சினியர். நான் எக்கவுண்ட்ஸ் கிளாக்கா வந்தவன். பவர்பொயின்றுக்குள்ள நான் எழுதிச் சொருகின பட்டனை, அந்த அட்இன்னைத் திறந்து பாத்தனீங்கள், சிரிப்பு வந்தது. சும்மா சொல்லுங்கோ, சிரிச்சனீங்கள்தானே? வாசல்ல வரேக்கையே முகத்தில தெரிஞ்சது. சிலைட்டை முன்னுக்கிருந்து அழிச்சுக்கொண்டு போறான், பாதி தப்பிப் போகும், பால்குடிப் பிள்ளை விடுற பிழை எண்டு. ஓம், பிழைதான். ஆர் இல்லை எண்டது?

நான் இதுக்குள்ள எப்பிடி வந்தனான் எண்டு கேக்கிறியளோ? புத்தகம் படிச்செண்டு நினைக்காதேங்கோ. கனகேஸ்வரி, என்ர மனிசி, செத்து முப்பத்தோராம் நாள் வருது. ரொறொன்ரோவில அவவின்ர தமையன், லண்டனில தம்பி. ஒருத்தரும் வரேல்லை. கொழும்புக்கு வரப் பயமாம். ஆனா அவவின்ர படம் எல்லாத்தையும் போட்டு, சிலைட் சிலைட்டா வாற மாதிரிச் சீடி ஒண்டு அடிச்சு அனுப்புங்கோ எண்டு ரெண்டு பேரும் ஓடர். நானும் குந்தியிருந்து ஒவ்வொரு படமாப் போட்டன். கை கடுத்துப் போச்சு. அப்பத்தான் அந்த மெனுவுக்குள்ள மக்ரோ எண்டொரு சாமான் கிடக்கிறதைக் கண்டது. நீ செய்யிறதைப் பாத்துக்கொண்டிருந்து, பிறகு தானே செய்யுமாம். அது எழுதி வைச்சதைத் திறந்து வாசிச்சன். இங்கிலிஸ்தானே. அடுத்த சிலைட்டுக்குப் போ, இந்தப் படத்தை எடு, இஞ்ச வை. இதுக்கே உங்களுக்கு நாலு வரிசம் படிப்பு?

அந்தச் சீடியிலதான் நான் முதல் முதல் அந்தப் பிழை விட்டது. கேளுங்கோ. தமையனுக்கும் தம்பிக்கும் காணி வழக்கு. தமையன் ரொறொன்ரோவில இருந்து கோல் எடுக்கிறார், உவன் நிக்கிற படம் ஒண்டும் சீடியில இருக்கக்கூடாது, இருந்தா நான் பாக்கமாட்டன் எண்டு. செத்தது இவையின்ர கூடப்பிறந்தவள்! சரியெண்டு தம்பிக்காரன் நிக்கிற சிலைட்டுகளை ஒரு பக்கத்தில சேத்து, முதலாவதை அழி, ரெண்டாவதை அழி, மூண்டாவதை அழி எண்டு எழுதி ஓட்டிவிட்டன். சீடி ரொறொன்ரோவுக்குப் போய்ச் சேந்தது. ரெண்டாம் நாள் கோல். அரைவாசி இடத்தில தம்பிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாராம். என்ர மனிசியின்ர முப்பத்தொண்டு, நான் வேணுமெண்டு செய்தனானாம். இண்டைக்கும் கதை இல்லை.

ஏன் எண்டு யோசிச்சு யோசிச்சு, வெள்ளவத்தைப் பாலத்தடிச் செக்பொயின்றில நிக்கேக்கைதான் விளங்கினது. பஸ்ஸால இறக்கி வரிசையில விட்டிருக்கு. ஆமிக்காரன் முதலாவதா நிக்கிறவரை வெளியில எடுக்கிறான். எல்லாரும் ஒரு அடி முன்னுக்கு வருகினம். அவன் நேர ரெண்டாவது இடத்துக்குப் போறான். அங்க நிக்கிறது ஆர்? மூண்டாவதா நிண்டவர். ரெண்டாவதா நிண்டவர் முதலாவது இடத்துக்கு வந்து, அவன்ர முதுகுக்குப் பின்னால பேசாமல் நிக்கிறார். தப்பியாச்சு. அப்பிடித்தான். ஒண்டு விட்டு ஒண்டு தப்பும். ஒருத்தரும் தப்பக்கூடாதெண்டா வாலிலயிருந்து அழிச்சுக்கொண்டு வரவேணும். இது எனக்குத் தெரியாமல் நான் அட்இன் எழுதினனான் எண்டு நினைச்சுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்குள்ள, லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள்.

என்ன, முகம் மாறுது? குடியுங்கோ, ஆறப்போகுது.

உங்கட டிரெக்டரைப் பற்றிச் சொல்லுறன். பொன்னம்பலத்தார். கையில சிவப்பு லைற் அடிக்கிற பேனை இன்னும் வைச்சிருக்கிறாரே? ஆ, இருக்கும். சமாதானக் காலத்தில அவருக்குக் கலியாண வீடு. கிழமைக்கொரு ஹோட்டல், ஹோலுக்குள்ள குளிரூட்டி, எங்கட என்ஜிஓவுக்குக் காசு குடுக்கிற வெள்ளைக்காரர், ஒரு சிலைட், ரெண்டு சிலைட், அம்பது சிலைட். சண்டை திரும்பத் துவங்க, பிள்ளையளைக் காணேல்லை எண்டு தாய்மார் வரத் துவங்கிச்சினம். முகத்துவாரத்தில இருந்து, கொட்டாஞ்சேனையில இருந்து, இந்த வெள்ளவத்தை லொட்ஜுகளில இருந்து. மடியில ஒரு படம். நான் அதை ஸ்கான் பண்ணிச் சிலைட்டில போடுவன். ஒரு ஆளுக்கு ஒரு சிலைட், மூண்டு புள்ளி. அது டிரெக்டரின்ர சட்டம். வயசு, கடைசியாக் கண்ட இடம், போட்டிருந்த உடுப்பு. ஒரு தாய், அவனுக்கு இழுப்பு வருத்தம், மூச்சிழுக்கிற பம் இல்லாமல் படுக்கமாட்டான், அதையும் போடு மோனை எண்டு அழுகுது. நாலாவது புள்ளி போட்டா வெள்ளைக்காரனுக்கு நித்திரை வந்திடுமாம்.

அதுக்கு மேல சத்தம் வேற. ஒவ்வொரு முகமும் வலப்பக்கத்தால பறந்து வரவேணும், வரேக்கை ஒரு சத்தம். லிஸ்றில தேடி டிரெக்டரே தெரிவு செய்தவர். என்ன சத்தம் தெரியுமே? வாகனம் சடாரெண்டு பிரேக் பிடிக்கிற சத்தம். எஃபெக்ட் நாகேந்திரம், எஃபெக்ட் எண்டார். அது முதல் முதல் ஓடின அண்டைக்கு மேபலையும் கூட்டிக்கொண்டு போய் முன் வரிசையில இருத்தி வைச்சிருந்தவை, வெள்ளைக்காரருக்குக் காட்ட. அவவின்ர வீட்டு வாசல்ல அந்தச் சத்தத்தைக் கேட்டு முழுசா ஒரு மாதம் இல்லை. முதல் முகம் வந்தது, கீச்செண்டு. ரெண்டாவது, கீச். ஒஸ்வால்ட்டின்ர முகம் வர முதலே எழும்பிப் போயிட்டா. டிரெக்டர் என்ன செய்தார்? ஒரு ரெண்டு நிமிசம் ரீ பிரேக் எண்டார்.

அடுத்த நாள் நான் எழுதினதுதான் என்ர முதலாவது உருப்படியான அட்இன். எல்லாச் சிலைட்டிலயும் இருந்து அந்தச் சத்தத்தைக் கழட்டுறது. ஒரு பட்டன். அமத்தினா முடிஞ்சுது. டிரெக்டர் சத்தத்தைத் தேடிப் பாத்திட்டு, கொம்பியூட்டரில வைரஸ் எண்டார். ஓம் சேர், வைரஸ்தான் எண்டன்.

பிறகு காலம் மாறிப்போச்சு. ஒருநாள் மூண்டு பேர் வந்தவை. யூனிபோம் இல்லை. மரியாதையான ஆக்கள், தேத்தண்ணியும் குடிச்சவை. இந்தப் படங்களை வெளியில ஆருக்கு அனுப்புறியள் எண்டு கேட்டவை. டிரெக்டருக்கு வேர்த்து ஊத்துது. அடுத்த கிழமையே ஒஃபிஸ் காணாமல் போன ஆக்களை விட்டிட்டு மரம் நடத் துவங்கிச்சுது. ஆணையாத்தான் சொல்லுறன், மரம். தென்னங்கண்டு. சீடியெல்லாத்தையும் பின் முத்தத்தில போட்டு நெருப்பு வைச்சவை, அந்த மணத்துக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா வந்து ஏசினவ. கடைசியில என்னைக் கூப்பிட்டார். நாகேந்திரம், எல்லாப் பைலிலயும் அந்த முகங்களை அழிக்க ஒரு பட்டன் செய்து தாங்கோ, அந்த மூண்டு பேரும் திரும்பி வரேக்கை நான் அவையின்ர கண்ணுக்கு முன்னால அமத்தவேணும் எண்டார். அழிக்கக்கூட அந்தாளுக்கு எஃபெக்ட் வேணும்.

ஏன் நான் ஒரு கொப்பி எடுத்து வைக்கேல்லை எண்டோ? எங்க வைக்க? பாலத்தடியில பாக்கைக் கொட்டிப் பாப்பாங்கள், மொக்கத மே, இது என்ன எண்டு சிங்களத்தில. சீடியெண்டா என்ன சீடி எண்டு கேள்வி. இந்த வீட்டை மாத்திரம் மூண்டு தரம் வந்து சோதிச்சவை. கனகேஸ்வரியின்ர சாமியறைக்குள்ளயும் பூந்து பாத்தவை. அந்தப் படங்களோட என்னைப் பிடிச்சா எனக்குச் சிலைட் போட ஆள் இல்லை.

தம்பி, ஒண்டு கேக்கிறன். நீங்கள் கண்டதை டிரெக்டரிட்டச் சொன்னனீங்களே? இல்லை? ஒருத்தரிட்டையும் இல்லை? ஞாயிற்றுக்கிழமை பாத்து, ஒஃபிஸ் வாகனமும் எடுக்காமல் பஸ்ஸில வந்தனீங்கள். அதைக் கண்டபடியாத்தான் கதவைத் திறந்தனான். இவ்வளவு நேரமும் உங்களை ஏசினது, நீங்கள் எழும்பிப் போறியளோ எண்டு பாக்க. போகேல்லை.

அப்ப கேளுங்கோ. நீங்கள் சொன்ன கணக்குப்படி பாதிதானே தப்பவேணும்? அழிஞ்ச பாதி எங்க, ஆர் எண்டு தேடிப் பாத்தனீங்களே? ஒருத்தர் குறையாமல் எல்லாரும் இருக்கினம். யோசிக்கேல்லையோ ஏன் எண்டு? நாலு வரிசம் படிச்சனீங்கள்.

டிரெக்டர் அமத்திறதுக்கு முதல் நாள் நான் ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால ஒரு வெறும் சிலைட்டைச் சொருகினனான். கனகேஸ்வரியின்ர படங்களைப் போட எழுதின அதே மக்ரோதான், ரெண்டு வரி மாத்தினது. வெறுமை, முகம், வெறுமை, முகம். பிறகு முன்னுக்கிருந்து அழிக்க விட்டன். வெறுமை எல்லாம் போச்சு. முகம் எல்லாம் ஒவ்வொரு அடி முன்னுக்கு வந்து நிண்டிட்டினம். பைல் திறக்கிறது கண்ணுக்குத் தெரியாது, அப்பிடி எழுதினது. பிழை வந்தாக் காணாத மாதிரிப் போ எண்டு மேல ஒரு வரி, இந்தக் கொழும்பு முழுக்க அந்த வரியிலதானே ஓடுது. முடிவில திரையில ஒரு பெட்டி வரும், இத்தினை சிலைட் அழிச்சாச்சு எண்டு. பொய் இல்லை. அத்தினை அழிஞ்சதுதான். டிரெக்டர் அமத்தினார், அவை வாசிச்சவை, தலையாட்டினவை. ஒரு பைலைத் திறந்தும் பாத்தவை. முன்னுக்குத் தண்ணித் தொட்டி, கிணறு, கணக்குப் படம். முகங்கள் வாலில. பொன்னம்பலத்தாரின்ர பிரசென்டேசனைக் கடைசி வரைக்கும் பாத்தவன் இந்த உலகத்தில இல்லை, தம்பி. அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியேல்லை.

இப்ப அவர் புதுக் கொம்பியூட்டர் வாங்கி, பழைய பைலை மாத்த முதல் அந்தப் பட்டனைச் செவ்வாய்க்கிழமை இன்னொருக்கா அமத்தச் சொல்லுறார், என்ன? நீங்கள் பிழையைத் திருத்தி, வாலிலயிருந்து அழிக்க விட்டா, செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் இருக்கமாட்டினம். வெறும் சிலைட் இப்ப இல்லாதபடியா, திருத்தாமல் சும்மா விட்டாலும் பாதி போகும். எந்தப் பாதி எண்டு நான் சொல்லத் தேவையில்லை, எண்ணத் தெரியும்தானே. வெறும் சிலைட் சொருகிற மக்ரோவும் அதுக்குள்ளதான் கிடக்குது, கீழ. என்ன செய்யிறியள் எண்டு எனக்குச் சொல்லவேண்டாம். நான் கேக்கவும் மாட்டன்.

மேபல் வைச்சிருந்த படம் எல்லாத்தையும் பொலிஸுக்கு ஒண்டு, கொமிசனுக்கு ஒண்டு, சேர்ச்சுச் சுவாமிமாருக்கு ஒண்டு எண்டு குடுத்து முடிச்சிட்டா. ஒண்டும் திரும்பி வரேல்லை. இப்ப இருக்கிறது அந்தச் சிலைட் மட்டும்தான். அது துறைமுகத்துக்குள்ள வான் கொண்டு போற ஹார்பர் பாஸுக்கெண்டு ஸ்ரூடியோவில எடுத்த படம். கொலர் வைச்ச வெள்ளைச் சேட்டுத்தான் போடவேணுமாம், அவனிட்ட இருக்கேல்லை, என்ரதைக் கழட்டிக் குடுத்தனான். கொலர் தேஞ்சுபோய், கனகேஸ்வரி பிரட்டித் தைச்ச சேட்டு. படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தா தையல் தெரியும்.