இரவல் எண்களை ஏற்காத அம்மையாருக்கு

அளந்ததை மட்டுமே நம்பிய எங்கள் ஆய்வகத் தலைவி அவர்களே,

காலையில் எழுகிறேன். தேநீர் போடுகிறேன். பாதி குடிக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு ஆய்வகத்துக்கு வருகிறேன். அதற்குள் நீங்கள் பந்தயச் சக்கர நாற்காலியில் அமர்ந்து, விசைமானி சரியாகக் காட்டுகிறதா என்று சக்கரத்தைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வீரர்களின் தோளுக்கு முன் உங்கள் தோள் வலிக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள்; நாளை முதல் அதை யார் செய்வார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை.

"வாழ்த்து மடல்ல கடலே, மலையேன்னு நாலு போடுங்க சார், பிரேம் போட்டா எடுப்பா இருக்கும்" என்றார் அலுவலக உதவியாளர். எனக்கு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

என் மனைவி இங்கே சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனையாக வந்தவள். அவள் தள்ளிய வேகம் அவள் தசைகளால் இயலாதது என்றது வீரர்களின் உடலைக் கணக்கிட நாம் கணினியில் உருவாக்கிய மாதிரி. ஏதோ தில்லுமுல்லு, அணியிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் பயிற்சியாளர். நீங்கள் மாதிரியைப் பிரித்துப் பார்த்தீர்கள். உள்ளே இருந்த தோள் வலிமை முழுவதும் நடப்பவர்களிடம் எடுத்த எண்கள்.

"நடக்கறவங்க தோளை இவளுக்கு மாட்டிவிட்டு, இவ பொய் சொல்றான்னா எப்படிப்பா?" என்றீர்கள்.

ஒவ்வொருவர் தோளையும் புதிதாக அளந்தோம். அலுப்பான வேலை. யாரும் நன்றி சொல்லவில்லை. மாதிரி சரியானது. அவள் அணியில் நின்றாள்.

காய்ச்சலில் அவள் போன பிறகு, இந்தத் தோள் அளவீடுகளின் ஆய்வறிக்கையை அவளுக்குச் சமர்ப்பிக்க நிர்வாகம் விரும்பியது. சமர்ப்பணப் பக்கத்தில் ஒரு வரியும் போட்டது: 'கரங்கள் ஓயலாம், சக்கரங்கள் ஓயா.' அவளுடைய கடைசி வார்த்தைகளாம். மறுக்க எனக்குத் தெம்பில்லை. நீங்கள் என் மேசைக்கு வந்து, அவள் இப்படிச் சொன்னாளா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டீர்கள்.

"அப்ப என்னதான் சொன்னா?"

நான் கணினித் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முடியும்போது சொல்லு. அதுவரைக்கும் அந்த இடம் வெறுமையாவே இருக்கட்டும்."

நிர்வாகம் எவ்வளவோ நெருக்கியும் அதை நீங்கள் நிரப்ப விடவில்லை. அறிக்கையில் உங்கள் கையெழுத்து இன்று மாலைக்குள் விழ வேண்டும்.

நலமாக, நெடுநாள் வாழுங்கள் அம்மா. இனியாவது தோளுக்கு ஓய்வு கொடுங்கள். ஆய்வகத்தார் எல்லோரும் இதில் ஒப்பமிட்டிருக்கிறோம்.

மருத்துவமனைக் கட்டிலில் அவள் சொன்னதை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"வண்டிய வெயில்ல விட்டுட்டு வந்துட்டேன், டயர் பாழாப் போயிடும். போய் உள்ள வெச்சுட்டு வா."